இரண்டு நிமிட நாற்காலி

உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்துவிட்டேன், உட்கார்ந்ததால் ஒப்புக்கொண்டேன் என்று மட்டும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, கல்யாண மண்டபத்தில் போடுவார்களே அதே ரகம், ஒரு கால் புல்லில் புதைந்து ஒருபக்கமாகச் சாய்கிறது, அது சாயட்டும், நான் சாயமாட்டேன். எதிரே மைதானம். என் ஆறு பெண்கள், அவர்களுடைய ஏழு பெண்கள். ஏழு பேர் ஆடும் ரக்பியில் ஒருத்தி குறைந்தால் எவ்வளவு புல் காலியாகக் கிடக்கும் என்பது உள்ளே ஓடும்போது தெரிவதில்லை, இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது, என் உயரத்துக்கும் என் அகலத்துக்கும் அளவெடுத்து வெட்டின மாதிரி ஒரு ஓட்டை. மஞ்சள் அட்டை. இரண்டு நிமிடம் வெளியே. அட்டையைக் காட்டிய நடுவர் ஒரு குட்டையான சிவப்புமுடிக்காரி, கொஞ்சமும் கோபமில்லாமல் காட்டினாள், அதுதான் எனக்கு ஆத்திரம், கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெசிந்தா பின்னாலிருந்து என் ஜெர்சிக் கழுத்தைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஜெசிந்தா எங்கள் கேப்டன், தூத்துக்குடிக்காரி. இந்த ஆட்டத்தில் கேப்டனைத் தவிர வேறு யாரும் நடுவரிடம் பேசக் கூடாது, பேசினால் இன்னும் கேடு. “ஏட்டி உடும்பு, வாய மூடிக்கிட்டு வெளிய போ. ஒன் பட்டிமன்றத்த அங்கன உக்காந்து வச்சுக்க” என்றாள். உடும்பு என் பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்தது அன்புக்கரசி. தலையைக் குனிந்து மாடு மாதிரி முட்டித் தள்ளுகிறவளுக்கு அன்பும் ஒத்துவராது அரசியும் ஒத்துவராது என்று முதல் வாரமே அணியில் மாற்றிவிட்டார்கள். சரி, பட்டிமன்றத்தை இங்கே வைத்துக்கொள்கிறேன். எதிரணிக்கும் நானே பேசுகிறேன், வேறு யார் இருக்கிறார்கள்.

இருக்கிறார் ஒருவர். நேரம் பார்க்கிற அக்கா. இந்த மலேசிய ஊர்த் தமிழ்க்காரி, இங்கத்திய வழக்கப்படி பேச்சுக்கு வாலாக ஒரு ‘லா’ போடுகிறவர், போட்டிக்கு உதவி செய்ய வந்தவர், கழுத்தில் தொங்கும் அட்டையில் தனலெட்சுமி என்று இருக்கிறது. ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்ட தேநீர், அதற்குள் ஓர் உறிஞ்சுகுழாய். “கால ஆட்டாதமா. நாற்காலி ஒடஞ்சா நான்தான் பதில் சொல்லணும்.” “நான் ஒண்ணும் தப்பு பண்ணலக்கா.” “எல்லாரும் அதான் சொல்றாங்க. காலைலேருந்து இந்த நாற்காலில எத்தனை பேரு உக்காந்துட்டாங்க, ஒருத்திகூட தப்பு பண்ணல லா.” உறிஞ்சுகிறார். ஸ்டாப்வாட்சின் எண்கள் ஓடுகின்றன, என் பக்கம் திருப்பிக் காட்டமாட்டேன் என்கிறார், எட்டிப் பார்த்தால் மார்போடு அணைத்துக்கொள்கிறார், பரீட்சைக் கூடத்தில் பேப்பரை மறைக்கிற முதல் பெஞ்சுப் பெண் மாதிரி.

தப்பு என்றால் என்ன தப்பு. நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டுக்கு ஐந்து என்று நாங்கள் முன்னால் இருக்கிறோம். எதிரணி கஜகஸ்தானிலிருந்து வந்த பல்கலைக்கழகப் பெண்கள், ஒவ்வொருத்தியும் ஒரு மின்கம்பம். அதில் பத்தாம் எண்காரி, பின்னலை மடித்து ஊசி குத்தியவள், எங்கள் கோட்டை நோக்கிப் பந்தோடு வருகிறாள், இன்னும் நாலைந்து எட்டு வைத்தால் கோட்டுக்குப் பின்னால் பந்தை அழுத்திவிடுவாள், ஐந்து புள்ளி. நான் பாய்ந்து இடுப்பைப் பிடித்தேன், சரிந்து முழங்காலுக்கு வந்தேன், விழுந்தாள். அதுவரைக்கும் சுத்தம். விழுந்த உடனே அவளை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம், நான் விடவில்லை. நடுவர் “ரிலீஸ், ரிலீஸ்” என்று கத்தியது கேட்டது. காதுக்குக் கேட்டது, கைக்குக் கேட்கவில்லை. ஏனென்றால் என் கை கபடிக் கை. எட்டாம் வகுப்பிலிருந்து மன்னார்குடிப் பக்கத்துப் புழுதியில் கபடி ஆடிய கை. பாடிக்கொண்டு வந்தவளைப் பிடித்தால் அவள் மூச்சு போகிறவரைக்கும், விசில் ஊதுகிறவரைக்கும் விடக்கூடாது, ஒரு விரல் தளர்ந்தால் அவள் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள், அவளைத் தொட்ட அத்தனை பேரும் வெளியே. முகத்தில் முழங்கை இடித்தாலும் விடாதே, மூக்கில் ரத்தம் வந்தாலும் விடாதே. எங்கள் அணியில் முக்கால்வாசிப் பேர் கபடியிலிருந்து வந்தவர்கள்தான், பல்கலைக்கழகத்தில் ரக்பி வந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது, எல்லோருக்கும் இந்த வியாதி இருந்தது. அதற்காகவே ஜெசிந்தா ஒரு பாட்டு கட்டினாள், தினமும் காலையில் ஆளைப் பிடித்து வீழ்த்துகிற ஒவ்வொரு டேக்கிளுக்கும் எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும், பிடி, விடு, எந்திரி, பிடி, விடு, எந்திரி. எல்லோரும் எந்திரிக்கு வந்த பிறகும் நான் பிடியிலேயே இருப்பேன். “உடும்பு இன்னும் தரைலதான் இருக்கு” என்று என் பக்கத்து இடத்தில் ஆடுகிற குயிலி சிரிப்பாள். மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் போய்விட்டது. எனக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை. அதை இப்போது யோசிக்க வேண்டாம். அதோ, பெனால்டி எடுக்கப்போகிறார்கள், ஆறு பேரும் கோட்டின் மேல் கையை விரித்து நிற்கிறார்கள், குயிலி என் இடத்துக்கும் தன் இடத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், ஒரே பாயில் இரண்டு பேருக்கு இடம் போடுகிற மாதிரி உடம்பை நீட்டிக்கொள்கிறாள், என்னைப் பார்க்காதே குயிலி, முன்னால் பார்.

அவர்களுக்குப் பின்னால், கம்பிவேலிக்கு அப்பால், எங்கள் பஸ். நீல நிறம், இன்ஜினை அணைக்கவில்லை, உள்ளே ஏசி ஓடுகிறது, யாருக்காக என்றால் எங்கள் பைகளுக்காக. காலையிலேயே அறைகளைக் காலி பண்ணிப் பைகளை ஏற்றிவிடச் சொன்னார் சுந்தரமூர்த்தி சார், உடற்கல்வித் துறை இயக்குநர், எங்களுக்கு மேலாளராக வந்திருக்கிறார். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபம். இரண்டு நாள் போட்டி. இன்றைக்குப் பிரிவு ஆட்டங்கள், நாளைக்குக் கால் இறுதி. ஊருக்குத் திரும்புகிற விமானம் இன்று ராத்திரி. நாங்கள் ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னால், சென்னையில் உட்கார்ந்து, இன்று ராத்திரிக்குப் போட்டிருக்கிறார். விமான நிலைய வரிசையிலேயே கேட்டேன். “சார், நாளைக்கி நமக்கு ஆட்டம் இருந்தா?” “இருந்தா பாப்போம்மா.” “பிளேன் போனப்புறம் எப்புடி சார் பாப்பீங்க?” “ஏம்மா அரசி, உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி. வந்ததே பெரிய விஷயம். அடிபடாம ஆடிட்டு, நாலு எடம் பாத்துட்டு நல்லபடியா போய்ச் சேருவோம். உங்க வீட்டுக்கெல்லாம் நான்ல பதில் சொல்லணும்.” வந்ததே பெரிய விஷயம். இந்த மூன்று வார்த்தையை நேற்றிலிருந்து பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். பாராட்டு மாதிரி இருக்கிறது, தலையைத் தடவுகிற மாதிரி இருக்கிறது, உள்ளே திறந்து பார்த்தால் வாசல் கதவைச் சாத்துகிற சத்தம். போன வருஷம் ஆண்கள் கால்பந்து அணி வடக்கே போனபோது இதே சார், இறுதி ஆட்டத்துக்கு மறுநாளைக்கு ரயில் டிக்கெட் போட்டார். முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். மிச்ச நாளெல்லாம் ஊர் சுற்றி ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் ஜெயிப்பார்கள் என்று நினைப்பதற்கு அவர்கள் ஜெயிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நாங்கள் காலையில் மலேசியப் பெண்களிடம் தோற்றோம், சரி. மத்தியானம் தாய்லாந்தை ஜெயித்தோம். ஜெயித்து வந்து பார்த்தால் சார் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு “அட, அட” என்கிறார், கண்ணெல்லாம் சந்தோஷம், உண்மையான சந்தோஷம், ஆனால் பஸ்ஸிலிருந்து ஒரு பை இறங்கவில்லை. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் பிரிவில் இரண்டாவது, நாளைக்கு உண்டு. தோற்றாலோ சமன் ஆனாலோ நேரே பஸ். அவ்வளவுதான், இதற்கு மேல் கணக்கு இல்லை. அந்தப் பைகள் இறங்க வேண்டும். எனக்குக் கோப்பை வேண்டாம், சத்தியமாக வேண்டாம், அந்தப் பைகள் இறங்குவதை நான் பார்க்க வேண்டும். அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். நேற்று போனில், “நாளைக்கி ராத்திரி கெளம்பிருவல்ல?” “ஜெயிச்சா மாட்டேம்மா.” “அப்ப பேசாம தோத்துட்டு வாடி. ஒங்க சித்தி மகளுக்கு வளகாப்பு, நீ இல்லன்னா கேப்பாங்க.” சிரித்தேன். சிரித்த பிறகு கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றேன்.

எடுத்துவிட்டார்கள். பந்து இடமிருந்து வலம், வலத்திலிருந்து மறுபடி இடம், மின்கம்பங்கள் ஓடுகின்றன, எங்கள் ஆறு பேரும் கயிறு கட்டின மாதிரி நகர்கிறார்கள், நல்லாருக்கு, நல்லாருக்கு, ஜெசிந்தா ஒருத்தியை வீழ்த்துகிறாள், பந்து வெளியே வருகிறது, நீள எறி, போச்சு. அந்த ஓட்டை. என் அளவுக்கு வெட்டி வைத்த அந்த ஓட்டை வழியாகவே ஒருத்தி நடந்து போகிறாள், ஓடக்கூட இல்லை, காய்கறி வாங்கப் போகிற மாதிரி போய்க் கோட்டுக்குப் பின்னால் பந்தைக் கீழே வைக்கிறாள். பன்னிரண்டு, பத்து. நான் எழுந்துவிட்டேன் போலிருக்கிறது, தனலெட்சுமி அக்காவின் கை என் தோளில். “உக்காரு லா. எழுந்தா அவங்க என்னத்தான் திட்டுவாங்க.” கூடுதல் இரண்டு புள்ளிக்கு உதைக்கப்போகிறாள், கோல்கம்பத்துக்கு நேரே நின்றுகொண்டு பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைக்க வேண்டும், போனால் சமன், சமன் என்றால் பஸ். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, இப்போது யாரையும் கூப்பிடப் போவதில்லை, நியாயமும் இல்லை, நல்ல நேரத்தில் கூப்பிடாதவள். உதைத்தாள். பந்து கம்பத்தின் வெளிப்பக்கம் பட்டு ‘ணங்’ என்று திரும்பியது. கேலரியில் பாதிப் பேர் ஓவென்றார்கள், பாதிப் பேர் கைதட்டினார்கள். பன்னிரண்டு, பத்துதான். மவுத்கார்டைக் கடித்துக் கடித்து அது ஒரு பக்கம் கிழிந்துவிட்டது, ரப்பர் வாசனை, எச்சில், உப்பு. சார் எங்கே. அதோ, கோட்டுக்கு அந்தப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு. அவர் இப்போது என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும், வார்த்தை வார்த்தையாகத் தெரியும், விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் என்ன சொல்வார் என்றும் தெரியும். நல்லாத்தான் ஆடுச்சுங்க சார், பொம்பளப் புள்ளைங்கல்ல, ஒண்ணு ஆத்திரப்பட்டு அட்டை வாங்கிருச்சு. ஆத்திரம். ஆண்கள் அணியில் ஒருத்தன் இதையே செய்திருந்தால் அவனுக்கு வெறி என்பார்கள், ஆட்ட வெறி, அது ஒரு குணம். எனக்கு ஆத்திரம், அது ஒரு நோய். இப்படி ஒரு கணக்கில் எல்லாமே கழிந்துபோகும், இரண்டு வருஷத்துக் காலைகள், ஜெசிந்தாவின் கழன்று சேர்ந்த தோள், குயிலி ஹாஸ்டல் மாடிப்படியில் ஓடி ஓடிச் சேர்த்த வேகம், எல்லாம் கழிந்து கடைசியில் என் இரண்டு கை மட்டும் மிஞ்சும், விடாத இரண்டு கை. பயமாக இருக்கிறது. இதை எதிரணிக்காரியாகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயமாக இருக்கிறது.

பஸ் இன்ஜின் இன்னும் உறுமுகிறது, இவ்வளவு தூரத்துக்குக் கேட்குமா, கேட்காது, எனக்குக் கேட்கிறது, ஏனென்றால் இது அந்தப் பஸ் இல்லை, இது தஞ்சாவூர் போகிற டவுன் பஸ், சாயங்காலம், நான் பி.ஏ. இரண்டாவது வருஷம், பிதுங்குகிற கூட்டம், பின்னாலிருந்து ஒரு கை வந்தது. எங்கே வந்தது என்று சொல்ல மாட்டேன், பஸ்ஸில் போகிற பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கை தானாகப் போய் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டது, கபடிப் பிடி, கட்டைவிரல் உள்பக்கம். அப்புறம்தான் திரும்பினேன். சட்டைப் பையில் பேனா வைத்த ஆள், என் வாத்தியார் ஒருத்தருடைய ஜாடை. “என்னம்மா, கைய விடும்மா, கூட்டத்துல பட்டுருச்சு.” விடவில்லை. கண்டக்டர் அண்ணே, வண்டிய போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க என்றேன். கண்டக்டர் சில்லறை எண்ணினார். அப்புறம் ஆரம்பித்தார்கள், ஒருத்தர் இல்லை, பஸ்ஸே ஆரம்பித்தது. விட்டுடும்மா. போவட்டும் விடு. பொம்பளப் புள்ள, ஒனக்குத்தான் அசிங்கம். வீட்டுக்குப் போற நேரத்துல ஏம்மா. எல்லோருடைய குரலிலும் அக்கறை, வெண்ணெய் மாதிரி அக்கறை. விடவில்லை. ஒரு நிறுத்தம், இரண்டு நிறுத்தம், என் கை மரத்துவிட்டது, அவன் கை வெளுத்துவிட்டது. கடைசியில் இரண்டு பேர் வந்து என் விரல்களைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றாக, சுண்டுவிரலிலிருந்து. அதில் ஒருத்தி பெண், மல்லிகைப்பூ வைத்திருந்தாள், என் முகத்துக்கு நேரே அந்த வாசனை, “சொன்னாக் கேளு பாப்பா” என்று சொல்லிக்கொண்டே மோதிரவிரலைப் பிரித்தாள். அவன் இறங்கிப் போனான். இறங்கும்போது பேனாவைச் சரிபண்ணிக்கொண்டான். இப்போது புரிகிறதா, ஜெசிந்தா, பிடி, விடு, எந்திரி என்று நீ கத்தும்போது நடுவில் இருக்கிற அந்த வார்த்தையில் நான் ஏன் ஒவ்வொரு நாளும் தடுக்கி விழுகிறேன் என்று. உன் குரலில் எனக்குப் பஸ் கேட்கிறது. இந்தச் சிவப்புமுடிக்காரி ரிலீஸ் என்றபோதும் பஸ்தான் கேட்டது. மல்லிகைப்பூகூட வந்தது, இந்த ஊரில், இந்தப் புல்லில்.

“அங்க பாருமா, ஒங்க புள்ளய” என்கிறார் அக்கா. ஆட்டம் மறுபடி ஓடுகிறது, எப்போது ஆரம்பித்தது, புள்ளி எடுத்த அவர்களே உதைத்துத் தொடங்கியிருக்கிறார்கள், பந்தும் அவர்களிடமே சிக்கிவிட்டது. அந்தப் பத்தாம் எண்காரி மறுபடி வருகிறாள். எதிரே குயிலி, அவளுக்கு இவள் தோள் உயரம்கூட இல்லை. குயிலி காலோடு காலாகப் போய் விழுந்தாள், மின்கம்பம் சாய்ந்தது. பிடி. உடனே கையை அகல விரித்தாள், நடுவருக்குத் தெரிகிற மாதிரி, பத்து விரலும் வானத்தைப் பார்க்க. விடு. எந்திரி. எழுந்துவிட்டாள், பந்துக்கு மேல் குனிகிறாள், அப்போதுதான் பார்க்கிறேன், இரண்டு வருஷமாக ஆடுகிற ஆட்டத்தில் முதல்தடவையாகப் பார்க்கிறேன், கீழே விழுந்தவளும் கையை விரிக்கிறாள். நான் இதை எப்படிப் பார்த்திருப்பேன், அந்த நேரத்தில் என் முகம் எப்போதும் யாருடைய தொடையிலாவது புதைந்திருக்கும். அவளும் விடுகிறாள். விட்டே ஆக வேண்டும். பந்து புல்லின் மேல் தனியாகக் கிடக்கிறது, யாருடையதும் இல்லை, ஒரு கண்சிமிட்டும் நேரம். அதற்குள் அவர்களுடைய இரண்டு பேர் வந்து குயிலியைத் தள்ளிப் பந்தை எடுத்துவிட்டார்கள், போகட்டும். சட்டம் எனக்குத் தெரியாதது இல்லை, எழுத்துத் தேர்வில் எழுதியிருக்கிறேன், பிடித்தவள் ஆளை விட வேண்டும், பிடிபட்டவள் பந்தை விட வேண்டும். முதல் பாதி மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்திருக்கிறது இத்தனை நாளும். பஸ்ஸில் யாரும் அவனிடம் எதையும் விடச் சொல்லவில்லை. அவனுக்கு என்று ஒரு விடு இருக்கவில்லை. அதனால்தான் அது சட்டம் இல்லை, வெறும் பஸ். இங்கே ஊதினால் இரண்டு பேருக்கும் ஊதுகிறது. நடுவர் அவர்களே, என் கட்சியில் ஒரு திருத்தம். நான் தப்பு செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆத்திரத்தினால் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆத்திரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதை இந்தத் தப்புக்குச் செலவழிக்கவில்லை.

“ஆச்சு” என்றார் அக்கா. ஸ்டாப்வாட்சை இப்போது என் பக்கம் திருப்பிக் காட்டினார், கருணையாக. எழுந்தேன். ஜெர்சியைப் பிடித்துக்கொண்டார். “எங்க போற? பந்து நிக்கணும்மா. நின்னாத்தான் உள்ள.” “நேரம் முடிஞ்சுருச்சுல்லக்கா!” “எனக்கு முடிஞ்சுருச்சு. பந்துக்கு முடியலயே.” பந்து நிற்கவில்லை. கஜகஸ்தான்காரிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி எறிகிறார்கள், எங்கள் பாதிக்குள் வந்துவிட்டார்கள், ஆறு பேரும் மூச்சு வாங்குகிற விதம் இங்கிருந்தே தெரிகிறது, வாய் திறந்து, கை தொடையில். என் தண்டனை முடிந்துவிட்டது, ஆனாலும் வெளியே நிற்கிறேன், இதற்கும் ஒரு வாதம் இருக்கிறது, அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். ஜெசிந்தா! வெளிய தள்ளுட்டி! ஒரு தடவ வெளிய தள்ளு! கத்தியது நான்தான், அக்காவும் கத்துகிறார், தேநீர்ப் பை ஆடுகிறது, “தள்ளு லா, தள்ளு!” நடுநிலையெல்லாம் எங்கே போச்சோ. ஓரத்தில் ஓடி வந்தவளை ஜெசிந்தா அந்தக் கழன்று சேர்ந்த தோளாலேயே மோதினாள், பந்தோடு சேர்த்து இரண்டு பேரும் கோட்டுக்கு வெளியே, விளம்பரப் பலகையில் போய் விழுந்தார்கள். விசில். பந்து நின்றது. அக்கா என் ஜெர்சியை விட்டார். முதுகில் ஒரு தட்டு. “போ. இந்தப் பக்கம் திரும்பி வராத.”

புல் மறுபடி காலுக்கடியில். என் ஓட்டைக்குள் நான் போய் நின்றேன், சரியாக இருந்தது. ஜெசிந்தா எழுந்து வந்தாள், உதட்டில் ரத்தம், தோளைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள், “பட்டிமன்றம் முடிஞ்சிட்டா?” “தீர்ப்பு மட்டும் பாக்கி.” “தோத்தம்னா ஒன்னய பஸ்ஸுக்கு மேல கட்டிக் கொண்டுபோவேன்.” வெளியே போன பந்தை ஓரத்திலிருந்து எறிந்துதான் தொடங்க வேண்டும், எங்கள் எறிதான், ஆனால் குயிலி எறிந்த பந்தை அவர்களில் உயரமானவள் ஒருத்தி மேலேயே பறித்துக்கொண்டாள், அதே நேரத்தில் ஹூட்டர் அலறியது, ஆட்ட நேரம் முடிந்துவிட்டது, இனி பந்து எப்போது கோட்டுக்கு வெளியே போய்ச் சாகிறதோ அப்போது எல்லாம் முடியும், அதுவரைக்கும் ஓட்டம்தான். அவர்கள் விட மாட்டார்கள், அவர்களுக்கும் நாளை வேண்டும், அவர்களுடைய பைகளும் எங்கேயாவது ஏற்றியிருக்கலாம், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பந்து கை மாறுகிறது. ஒருத்தியை நிறுத்தினோம். இன்னொருத்தியை நிறுத்தினோம். கோடு பின்னால் நெருங்குகிறது, வெள்ளைச் சுண்ணாம்பின் வாசனை வருகிறது. அப்புறம் அவள் வந்தாள், பத்தாம் எண்காரி, பின்னல் அவிழ்ந்துவிட்டது, நேரே என்னைப் பார்த்து, ஏனென்றால் இப்போது வெளியேயிருந்து வந்தவள் நான்தான், விடத் தெரியாதவள் என்று அவளுக்குத் தெரியும், இன்னொரு தடவை பிடித்துக்கொண்டே கிடப்பேன், இன்னொரு பெனால்டி, கோட்டுக்கு முன்னால், அவ்வளவுதான். கெட்டிக்காரி. வா. இடுப்பு. தோளைக் கொடுத்துப் பூட்டினேன், கன்னத்தில் அவள் முழங்கால் இடித்தது, கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது, இரண்டு பேரும் விழுந்தோம். பிடி. “ரிலீஸ்!” கை கேட்டது. விரல் ஒவ்வொன்றும் தன்னைத்தானே பிரித்துக்கொண்டது, சுண்டுவிரல், மோதிரவிரல், யாரும் பிரிக்கவில்லை, நான் பிரித்தேன், என் விரல்களை நான் பிரித்தேன், கையை வானத்துக்கு விரித்துக் காட்டினேன், பார்த்துக்கொள், சிவப்புமுடிக்காரி, பத்தும் இருக்கிறதா எண்ணிக்கொள். எந்திரி. எழுந்துவிட்டேன். காலை அகட்டி நின்று குனிந்தேன், பந்தின் மேல் கையை வைத்தேன். வைத்துப் பார்த்தால் பந்து வரவில்லை. அவள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கிடக்கிறாள். மார்போடு. கண்ணை இறுக மூடிக்கொண்டு. அந்த முகம் எனக்குத் தெரியும், உள்ளேயிருந்து தெரியும். எனக்கே அவள் மேல் ஒரு விநாடி பாவமாக இருந்தது. என் தலைக்கு மேலே அந்தக் கோபமில்லாத குரல் மறுபடி, “ரிலீஸ்! ரிலீஸ்!” இந்தத் தடவை அது என்னிடம் இல்லை. விடுடி, என்றேன், தமிழில், அவளுக்கு எங்கே புரியப்போகிறது. அவள் விடவில்லை. நான் இழுத்துக்கொண்டே நின்றேன், அவர்களுடைய இரண்டு பேர் பக்கவாட்டில் வந்து மோதினார்கள், காலை ஊன்றி நின்றேன், அசையவில்லை.

விசில். நடுவரின் கை எங்கள் பக்கமாக உயர்ந்தது, பெனால்டி எங்களுக்கு. யாரோ என் முதுகின் மேல் ஏறிக் கத்தினார்கள், குயிலியாகத்தான் இருக்கும், எடை அவ்வளவு இல்லை. ஜெசிந்தா பந்தை வாங்கி, கீழே வைத்து, காலால் ஒரு தடவை லேசாகத் தொட்டு, கையில் எடுத்தாள். அப்புறம் கேலரிக்குள்ளே போய் விழுகிற மாதிரி ஓங்கி உதைத்தாள். பந்து செத்தது. பன்னிரண்டு, பத்து. பத்தாம் எண்காரி இன்னும் தரையில்தான் கிடந்தாள், கை நீட்டினேன், பிடித்துக்கொண்டு எழுந்தாள், அவள் பிடியும் நல்ல பிடி. கோட்டுக்கு அந்தப் பக்கம் சுந்தரமூர்த்தி சார் கையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை, இன்னொரு கையில் போன், யாரைக் கூப்பிடுவது என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் ஜெசிந்தாவைத் தூக்குகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. நேரே சாரிடம் நடந்தேன், கன்னம் வீங்கிக்கொண்டிருந்தது, மவுத்கார்டைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டேன், பேசுவதற்கு வாய் வேண்டும். இனிமேல் யாரிடம் பேசவும் கேப்டன் தேவையில்லை. “அரசி, அரசி, ஏம்மா, நீ…” என்றார். அவர் தோளுக்குப் பின்னால் கம்பிவேலி, நீல பஸ், உறுமிக்கொண்டே இருந்தது.

“சார்” என்றேன், “இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லுங்க. பையெல்லாம் எறக்கணும்.”